கழிவுநீர் மீண்டும் குடிநீராகும் வழி: வாசகர் கேள்வி பதில்

சுத்திகரித்த கழிவுநீரை மேலும் தூய்மையாக்கிக் குடிநீர் ஆதாரமாக்குவது பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். நிலையங்களில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள் கேட்டவற்றுக்குச் சற்று நீளமாகவே எழுதியிருக்கிறோம். ஊர் குடிக்கும் தண்ணீர் அவர்கள் கையில் இருக்கிறது.

என்னதான் சுத்தம் செய்தாலும் சாக்கடைத் தண்ணீர் குடிக்கத் தகுமா? எங்காவது நிஜமாகவே குடிக்கிறார்களா?
— ஓர் ஆசிரியை

குடிக்கிறார்கள். நமீபியாவின் தலைநகர் விண்ட்ஹுக்கில் 1968 முதல் இப்படித் தூய்மையாக்கிய நீரை நேரடியாக நகரக் குழாய்களில் கலந்து தருகிறார்கள். 2002-இல் அங்கே புதிய நிலையம் வந்தது; அதன் கொள்ளளவு நாளொன்றுக்கு 2.1 கோடி லிட்டர். கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 2008-இல் தொடங்கிய நிலையம் இந்த நீரை நிலத்தடியில் சேர்க்கிறது. சிங்கப்பூர் 2003 முதல் ‘நியூவாட்டர்’ என்ற பெயரில் பெரும்பகுதியைத் தொழிற்சாலைகளுக்கும் ஒரு சிறு பகுதியை நீர்த்தேக்கங்களுக்கும் அனுப்புகிறது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் ஊர் விடும் கழிவுநீரைத்தான் கீழ்ப்பகுதி ஊர் உறிஞ்சி, வடிகட்டி, குளோரின் போட்டுக் குடிக்கிறது. அங்கே கலப்பது எவ்வளவு என்று யாரும் தினமும் அளப்பதில்லை. இங்கே ஒவ்வொரு படியையும் அளக்கிறார்கள். அதனால் ‘இது எங்கிருந்து வந்த தண்ணீர்’ என்று கேட்பதைவிட, ‘இன்று காலை ஒவ்வொரு தடுப்பும் வேலை செய்ததற்கு என்ன அத்தாட்சி’ என்று கேளுங்கள். கீழே வரும் பதில்கள் எல்லாமே அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

படிகளை வரிசையாகவும் அளவுகளோடும் சொல்ல முடியுமா?
— வேதியியல் மாணவி

பலரும் நுண்வடிகட்டலில் இருந்துதான் கதையைத் தொடங்குவார்கள். உண்மையில் வேலை அதற்கு முன்பே, பழைய கழிவுநீர் நிலையத்தின் காற்றூட்டத் தொட்டியில் தொடங்கிவிடுகிறது. அந்தத் தொட்டியில் கசடு ஏறத்தாழ 10 நாளாவது தங்கினால் அம்மோனியா முழுதும் நைட்ரேட்டாக மாறுகிறது. பின்னால் வரும் வடிகட்டும் சவ்வை அடைக்கும் பிசினும், மருந்து எச்சங்களில் கணிசமான பங்கும் அங்கேயே சிதைகின்றன. இரண்டு மூன்று நாளிலேயே கசடை வெளியேற்றும் நிலையத்தின் நீரைக் கொண்டுவந்தால், பின்னால் எத்தனை விலையுயர்ந்த கருவி வைத்தாலும் அடைப்போடுதான் காலம் போகும்.

அடுத்தது சல்லடை, 200 முதல் 500 மைக்ரான். தலைமுடியும் நார்களும் இங்கே நிற்காவிட்டால் அடுத்த படியின் இழைகளைச் சுற்றிக்கொண்டு அறுத்துவிடும். பிறகு அல்ட்ரா ஃபில்ட்ரேஷன்: உள்ளே துளையுள்ள மெல்லிய இழைகள், துவாரம் 0.01 முதல் 0.1 மைக்ரான் வரை. 20 முதல் 40 நிமிடத்துக்கு ஒருமுறை எதிர்த்திசையில் அலசிக்கொள்ளும். வெளிவரும் நீர் அடுத்த சவ்வை எவ்வளவு அடைக்கும் என்று காட்டும் அடைப்புக் குறியீடு (எஸ்.டி.ஐ.) 3-க்குக் கீழே இருக்க வேண்டும்.

மூன்றாவது ஆர்.ஓ., அதாவது உப்பையும் தடுக்கும் சவ்வின் வழியே நீரை அழுத்திச் செலுத்துவது. அழுத்தம் 8 முதல் 15 பார். கடல்நீருக்கு வேண்டிய 55, 60 பாரெல்லாம் இங்கே தேவையில்லை. ஒரு சதுர மீட்டர் சவ்வில் மணிக்கு 17 முதல் 20 லிட்டர் வரைதான் எடுக்க வேண்டும். கிணற்று நீருக்கு 25-க்கு மேல் எடுத்துப் பழகியவர்கள் இங்கேயும் அப்படியே வடிவமைத்துவிட்டு, மாதம் ஒருமுறை சவ்வு கழுவிக்கொண்டிருப்பார்கள்.

நான்காவது, ஹைட்ரஜன் பெராக்சைடோ குளோரினோ சேர்த்து வலுவான புறஊதா ஒளி. ஐந்தாவது, கரியமில வாயுவை நீக்கிச் சுண்ணாம்பு சேர்த்து நிலைப்படுத்துவது. கடைசியாக, குழாயில் போகும்போது காவலுக்கு இருக்கும் குளோரின்.

அல்ட்ரா ஃபில்டரின் துவாரம் வைரஸைவிடச் சிறியது என்கிறார்கள். ஆனால் எங்கள் நிலைய ஆவணத்தில் வைரஸுக்கு அதன் மதிப்பு பூஜ்யம் என்று போட்டிருக்கிறது. ஏன்?
— இளநிலைப் பொறியாளர்

நல்ல கேள்வி. ‘எவ்வளவு அகற்றும்’ என்பது ஒன்று, ‘எவ்வளவு அகற்றியதாக நாள்தோறும் காட்ட முடியும்’ என்பது வேறு. ஆவணத்தில் ஏறுவது இரண்டாவதுதான்.

கணக்கு லாக் அளவில் நடக்கிறது. 1 லாக் என்றால் பத்தில் ஒன்பதை அகற்றுவது, 2 லாக் 99 சதவீதம், இப்படியே போகும். நிலத்தடியில் சேர்க்கும் திட்டங்களுக்குக் கலிஃபோர்னியா கேட்பது: கழிவுநீரில் இருந்து குடிநீர் வரை வைரஸுக்கு 12 லாக், குடலைத் தாக்கும் ஒட்டுண்ணிகளான ஜியார்டியாவுக்கும் கிரிப்டோஸ்போரிடியத்துக்கும் தலா 10 லாக். எந்த ஒரு படிக்கும் 6-க்கு மேல் மதிப்பு தர மாட்டார்கள். ஒரே காவலாளியை நம்பி முழு வீட்டையும் விடக்கூடாது என்பதற்காக வைத்த விதி இது.

அல்ட்ரா ஃபில்டரை எப்படிச் சோதிக்கிறோம்? நீரை வடித்து, இழைகளின் ஒரு பக்கம் சுமார் 1 பார் அளவுக்குக் காற்றை ஏற்றி, மூடி, சுமார் ஐந்து நிமிடம் அழுத்தம் எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கிறோம். இந்தச் சோதனை 3 மைக்ரான் அளவுள்ள ஓட்டையைக் காட்டிக்கொடுக்கும். கிரிப்டோஸ்போரிடியம் அந்த அளவைவிடப் பெரியது. அதனால் அதற்கு 4 லாக் வரை மதிப்பு கிடைக்கிறது. வைரஸ் புகும் அளவுக்கு நுண்ணிய ஓட்டையை இந்தச் சோதனை காட்டாது. ஆகவே பூஜ்யம்.

ஆர்.ஓ. கதையும் இதேதான். ஆய்வகத்தில் அது வைரஸை 4 லாக்குக்கு மேலேயே தடுக்கும். நிலையத்தில் நாம் தொடர்ந்து அளப்பது (கரைந்த உப்பைக் காட்டும்) கடத்துதிறனையும் கரிமக் கார்பனையும்தான். உள்ளே லிட்டருக்கு 8 மி.கி. கார்பன் போய் வெளியே 0.08 மி.கி. வந்தால் 99 சதவீதம், அதாவது 2 லாக். அவ்வளவுதான் எழுத முடியும். மீதியைப் புறஊதா ஒளியும் (6) இறுதிக் குளோரினும் (4) தருகின்றன; 2 + 6 + 4 சேர்த்து 12.

காற்றழுத்தச் சோதனை தோற்றால் உடனே இழை அறுந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். பாதி நேரம் சரியாக மூடாத வால்வுதான் காரணமாக இருக்கும். முதலில் வால்வுகளிலும் இணைப்புகளிலும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். அதன் பிறகு தொகுதிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, குமிழி வரும் இழையைக் கண்டுபிடித்து இரு முனையிலும் ஊசி அடித்து அடைத்துவிடுங்கள். அடைத்ததை எண்ணி எழுதி வையுங்கள். ஒரே தொகுதியில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், சல்லடை கிழிந்திருக்கலாம், அல்லது அலசும் காற்று அளவுக்கு மீறி வீசுகிறது.

எங்கள் ஆர்.ஓ.வில் இரண்டு மாதமாக நல்ல நீர் அதிகமாக வருகிறது, அழுத்தமும் குறைந்திருக்கிறது. கடத்துதிறன் மட்டும் மெல்ல ஏறுகிறது. சவ்வு நன்றாகப் பழகிவிட்டது என்று மேற்பார்வையாளர் சொல்கிறார்.
— ஷிஃப்ட் இயக்குநர்

பழகவில்லை, கரைந்துகொண்டிருக்கிறது. ஓட்டமும் உப்பும் சேர்ந்து ஏறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது தனிக் குளோரினை, அதாவது அம்மோனியாவோடு சேராத குளோரினை. ஆர்.ஓ.வின் பாலிஅமைடு சவ்வு தாங்குவது மொத்தமாக ஏறத்தாழ 1,000 பி.பி.எம்.-மணி, அதாவது 1 பி.பி.எம். (லிட்டருக்கு 1 மி.கி.) குளோரின் தொடர்ந்து பட்டால் ஆறேழு வாரத்தில் ஆயுள் முடிந்துவிடும். நீரில் இரும்போ மாங்கனீசோ இருந்தால் இன்னும் சீக்கிரம்.

இது எப்படி வருகிறது என்று சொல்கிறோம். நுண்ணுயிர்ப் படலம் வளராமலிருக்க ஆர்.ஓ.வுக்கு முன்னால் லிட்டருக்கு 2 முதல் 5 மி.கி. குளோரமின் வைத்திருக்கிறோம். குளோரின் அம்மோனியாவோடு சேர்ந்தால்தான் அது குளோரமின். கழிவுநீரில் அம்மோனியா எப்போதும் இருக்கும் என்று நம்பி வெறும் ஹைப்போகுளோரைட்டை (குளோரின் கரைசலை, சுருக்கமாக ஹைப்போ) மட்டும் விடும் நிலையங்கள் உண்டு. காற்றூட்டத் தொட்டி நன்றாக வேலை செய்யும் நாளில் அம்மோனியா பூஜ்யத்துக்கு இறங்கும்; குளோரின் துணையில்லாமல் நேராகச் சவ்வில் போய் விழும். முன்நிலையம் நன்றாக நடக்கும் நாளில்தான் சவ்வுக்கு ஆபத்து என்பதால், யாருக்கும் சந்தேகமே வருவதில்லை.

செய்ய வேண்டியது: அம்மோனியாவை முதலில் சேர்த்து நன்றாகக் கலந்த பிறகு ஹைப்போ. எடையில் 1 பங்கு அம்மோனியா நைட்ரஜனுக்குக் குளோரின் 4 பங்கு போதும், 5-ஐத் தாண்டவே கூடாது. தாண்டினால் டைகுளோரமின் உண்டாகி, பின்னால் மருந்து எச்சம் பற்றிய பதிலில் சொல்லப்போகும் என்.டி.எம்.ஏ. என்ற நச்சும் கூடும். அம்மோனியா பம்ப் நின்றால் ஹைப்போ பம்ப் தானாக நிற்கும்படி இணைப்புக் கொடுங்கள். மொத்தக் குளோரினை மட்டும் அளந்துகொண்டிருந்தால் இந்தக் கோளாறு கண்ணில் படாது. தனிக் குளோரினைப் பிரித்து அளக்க வேண்டும். சவ்வுத் துண்டை ஃபுஜிவாரா சோதனைக்கு அனுப்பினால் குளோரின் தாக்கியதா என்று உறுதியாகிவிடும்.

உப்பு மட்டும் ஏறி, ஓட்டம் மாறாமல் இருந்தால் வேறு கதை. பெரும்பாலும் இணைப்பில் உள்ள ஓ-ரிங் (ரப்பர் வளையம்) பிதுங்கியிருக்கும். சவ்வுகள் வரிசையாக இருக்கும் குழலின் நல்லநீர்க் குழாய்க்குள் மெல்லிய நைலான் குழாயைக் கடைசி வரை நுழைத்து, கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே கடத்துதிறனை அளந்து வாருங்கள். மெல்ல ஏறினால் இயல்பு. ஓரிடத்தில் குதித்தால் அந்த இணைப்பில்தான் கசிவு. ஒரு சிறு ரப்பர் வளையத்தால் முழுக் குழலும் பழி சுமக்கும்.

கடைசிக் கட்டக் குழல்களில் மட்டும் ஓட்டம் விழுகிறது. ஆன்டிஸ்கேலன்ட் (உப்புப் படிவதைத் தடுக்கும் மருந்து) அளவைக் கூட்டியும் பயனில்லை.
— பராமரிப்புப் பொறுப்பாளர்

கால்சியம் பாஸ்பேட்டைச் சந்தேகியுங்கள். கிணற்று நீரில் பழகியவர்களுக்கு இது புதிது. மனிதக் கழிவிலும் சோப்புத் தூளிலும் இருந்து பாஸ்பேட் வருகிறது. 75 சதவீதம் நல்லநீர் எடுத்தால் மிச்ச நீரில் எல்லாம் 4 மடங்கு செறிவாகும். 85 சதவீதம் எடுத்தால் ஆறே முக்கால் மடங்குக்குக் கிட்டே. அந்தச் சுமை முழுவதும் கடைசிக் கட்டத்தில்தான் விழும். வழக்கமான ஆன்டிஸ்கேலன்ட் கால்சியம் கார்பனேட்டுக்கு நன்றாக வேலை செய்யும், பாஸ்பேட்டிடம் திணறும். அளவைக் கூட்டினால் மீதமாகும் மருந்தே சில சமயம் நுண்ணுயிருக்குத் தீனியாகிறது.

கார அமில அளவை (பி.எச்.) 6.5-க்கு இறக்குங்கள், அல்லது மீட்பு விகிதத்தை, அதாவது நல்லநீராக எடுக்கும் பங்கை, 80 சதவீதத்துக்குக் குறைத்துப் பாருங்கள். நிரந்தரத் தீர்வு, முன்நிலையத்திலேயே பாஸ்பேட்டைப் பிடிப்பது. அதற்கு இரும்பு உப்பு போடும்போது கை மீறிவிட்டால் இரும்பே சவ்வை அடைக்கும், கவனம்.

கழுவும் வரிசை முக்கியம். கழிவுநீர்ச் சவ்வில் முதலில் காரம் (பி.எச். 11–12, 30–35 பாகை சூட்டில்), பிறகு அமிலம் (பி.எச். 2). பிசின் படிந்த சவ்வில் அமிலத்தை முதலில் விட்டால் பிசின் இறுகிப் பிறகு அசையாது. கடைசிக் கட்டத்தில் வெறும் பாஸ்பேட் உப்புதான் என்று பிரித்துப் பார்த்து உறுதியானால் மட்டும், அந்தக் கட்டத்துக்குத் தனியாக அமிலத்தை முதலில் விடலாம். திருத்திய ஓட்டம் 10 முதல் 15 சதவீதம் இறங்கியதும் கழுவிவிடுங்கள். 30 சதவீதம் வரை காத்திருந்தால் பழைய நிலை திரும்பாது. திருத்துவது என்றால் 25 பாகை வெப்பத்துக்குக் கணக்கிடுவது. ஒரு பாகைக்கு ஏறத்தாழ 3 சதவீதம் ஓட்டம் மாறும். அதைக் கணக்கில் எடுக்காமல், குளிரால் குறைந்த ஓட்டத்துக்கு மருந்து போட்டுக் கழுவியவர்கள் நிறையப் பேர்.

மாத்திரை, கருத்தடை மருந்து இவற்றின் எச்சமெல்லாம் போய்விடுமா?
— மருந்தாளுநர்

நீங்கள் பயப்படும் மருந்துகள் பெரும்பாலும் ஆர்.ஓ.விலேயே நின்றுவிடும், ஏனென்றால் அவை பெரிய மூலக்கூறுகள். கார்பமசெபின், ஹார்மோன்கள், சல்ஃபா மருந்துகள் எல்லாமே மூலக்கூறு எடை 200-க்கு மேல். ‘அழியாத வேதிப்பொருள்’ என்று பேசப்படும் பி.எஃப்.ஏ.எஸ். வகைகளையும் ஆர்.ஓ. நன்றாகத் தடுக்கும்.

தொல்லை கொடுப்பவை பெயர் தெரியாத சின்னவை. ஆரஞ்சு கவுண்டியில் 2000-ஆம் ஆண்டு வாக்கில் என்.டி.எம்.ஏ.வும் 1,4-டையாக்சேன் என்ற கரைப்பானும் தென்பட்டபோதுதான் ஆர்.ஓ. மட்டும் போதாது என்பது உறைத்தது. என்.டி.எம்.ஏ.வின் எடை 74, டையாக்சேன் 88, இரண்டும் மின்னேற்றம் இல்லாதவை. சவ்வின் வழியே நழுவிவிடும். என்.டி.எம்.ஏ. ஒரு லிட்டரில் 10 நானோகிராம் இருந்தாலே கலிஃபோர்னியாவில் அறிவிக்க வேண்டும்.

என்.டி.எம்.ஏ.வைப் புறஊதா ஒளியே உடைக்கும், ஆனால் சாதாரணக் கிருமிநீக்க அளவில் முடியாது. கிருமிக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 40 மில்லிஜூல் போதும் என்றால், என்.டி.எம்.ஏ.வில் 90 சதவீதத்தை உடைக்க 1,000-க்குப் பக்கம் வேண்டும். டையாக்சேன் ஒளிக்கு அசையாது. பெராக்சைடில் இருந்து பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புதான் அதை உடைக்கும். அதற்கு லிட்டருக்கு 3 முதல் 5 மி.கி. பெராக்சைடு சேர்க்கிறார்கள். அதில் பெரும்பகுதி செலவாகாமல் மிஞ்சி, பிறகு போடும் குளோரினைத் தின்னும்: 1 மி.கி. பெராக்சைடுக்கு 2 மி.கி.க்குச் சற்று மேல் குளோரின் வீண். இதைக் கணக்கில் சேர்க்காததால், ‘குளோரின் எவ்வளவு போட்டாலும் நிற்கவில்லை’ என்ற புகார் வரும். ஆர்.ஓ.வைத் தாண்டி வரும் குளோரமினும் ஒளியை உறிஞ்சும், ஆகவே அதையும் தேவைக்கு மேல் வைக்காதீர்கள்.

இவ்வளவையும் மீறி, ஒரு தொழிற்சாலை கரைப்பானைச் சாக்கடையில் கொட்டினால் என்ன ஆகும்? அசிட்டோன் போன்றவை எல்லாப் படியையும் ஓரளவு தாண்டும். அதனால்தான் விண்ட்ஹுக்கில் தொழிற்சாலைக் கழிவுநீரை ஆரம்பத்திலேயே தனிக் குழாயில் பிரித்துவிடுகிறார்கள். மலிவான, வலுவான தடுப்பு அது.

அவ்வளவு சுத்தமான நீரில் மறுபடி சுண்ணாம்பைப் போடுவது எதற்கு?
— கல்லூரி மாணவர்

ஆர்.ஓ. உப்பைத் தடுக்கும், கரியமில வாயுவைத் தடுக்காது. நல்லநீர் பி.எச். 5.5 அளவில், கால்சியமே இல்லாமல் வரும். அப்படியே விட்டால் சிமென்ட் பூச்சையும் செம்பையும் ஈயத்தையும் அரிக்கும். நிலத்தடியில் விட்டாலும் ஆபத்து: கால்சியமும் மக்னீசியமும் இல்லாத நீர், களிமண் பிடித்து வைத்திருக்கும் ஆர்சனிக்கை விடுவிக்கக்கூடும். வாயுவில் ஒரு பகுதியைக் கோபுரத்தில் வெளியேற்றி, மீதியைச் சுண்ணாம்போடு சேர்த்துக் காரத்தன்மையை லிட்டருக்கு 40 மி.கி.க்கு மேல் கொண்டுவருவார்கள். சுண்ணாம்புப் பாலை நேரே விடாமல், தெளிந்த சுண்ணாம்பு நீரை மட்டும் விட வேண்டும். கரையாத தூள் போனால், நீரை நிலத்தடியில் செலுத்தும் ஊட்டக் கிணறு அடைபடும்.

கடல் இல்லாத ஊரில் ஆர்.ஓ.வின் மிச்ச நீரை எங்கே விடுவது? ஆர்.ஓ. இல்லாமலே முடியாதா?
— ஊராட்சிப் பிரதிநிதி

முடியும். விண்ட்ஹுக்கில் ஆர்.ஓ. கிடையாது. ஓசோன், உயிரியல் கார்பன் படுகை, துகள் கார்பன், அல்ட்ரா ஃபில்டர், குளோரின் என்று போகிறது வரிசை. மிச்ச நீர்த் தலைவலி இல்லை. ஆனால் உப்பு அப்படியே தங்கும். ஒவ்வொரு முறை ஊர் நீரைப் பயன்படுத்தும்போதும் லிட்டருக்கு 200 முதல் 400 மி.கி. உப்பு ஏறுவதால், வேறு நீரோடு கலந்துதான் ஆக வேண்டும். அங்கே இந்த நீரின் பங்கு சுமார் மூன்றில் ஒன்றைத் தாண்டுவதில்லை. நீரில் புரோமைடு இருந்தால் ஓசோன் அதைப் புரோமேட்டாக்கும். அதற்கு வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். முதலில் உங்கள் கழிவுநீரின் உப்பையும் புரோமைடையும் ஒரு வருடம் அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மின்சாரம் எவ்வளவு ஆகும்?
— ஒரு வாசகர்

முழு வரிசைக்கும் ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 1 யூனிட். கடல்நீருக்கு 3 முதல் 4.

எங்கள் அடுக்குமாடியில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அதன் பின்னால் பெரிய ஆர்.ஓ. ஒன்றைப் பொருத்திக் குடிக்கலாமா?
— குடியிருப்போர் சங்கச் செயலாளர்

வேண்டாம். கருவி கிடைக்கும், அது வேலை செய்வதற்கான அத்தாட்சி உங்களுக்குக் கிடைக்காது. காற்றழுத்தச் சோதனை செய்ய ஆளில்லை, கரிமக் கார்பன் அளவி இல்லை, இரவில் பார்ப்பவர் இல்லை. ஒரு ஓ-ரிங் பிதுங்கினால் டி.டி.எஸ். (கரைந்த உப்பின் அளவு) 40-இல் இருந்து 60 ஆகும். யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஆனால் அந்தக் கசிவில் வைரஸ் வந்துகொண்டிருக்கும்.

அந்த நீரைக் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். கலங்கல் 2 அலகுக்குக் கீழே, குளோரின் அரை மணி நேரம் தங்கிய பிறகும் லிட்டருக்கு 1 மி.கி. மிச்சம், இவ்விரண்டையும் தினமும் எழுதுங்கள். குழாய் ஊதா நிறத்தில், குடிநீர்க் குழாயில் இருந்து வேறு அளவில் இருக்கட்டும். தொட்டி வற்றும்போது குடிநீரை நிரப்பும் குழாயின் வாய், தொட்டியின் வழிந்தோடும் மட்டத்துக்கு மேலே, குழாய் விட்டத்தைப் போல் இரு மடங்கு உயரத்தில் நிற்க வேண்டும். வால்வை மட்டும் நம்பி நீருக்குள் முக்கி வைக்காதீர்கள்.

பெரிய ஆபத்து, பிளம்பர் தவறுதலாக இரண்டு குழாய்களையும் இணைத்துவிடுவது. வருடம் ஒருமுறையும், குழாயில் எந்த வேலை நடந்தாலும் அதன் பிறகும் இப்படிச் சோதியுங்கள்: குடிநீர் வால்வை மூடி, அந்தக் குழாய்களை முழுதும் வடித்துவிட்டு, மறுபயன்பாட்டு நீரை மட்டும் அழுத்தத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். பிறகு ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைக் குழாயையும் குளியலறைக் குழாயையும் திறக்கச் சொல்லுங்கள். எதிலாவது தண்ணீர் தொடர்ந்து வந்தால் அங்கே இணைப்பு இருக்கிறது; அதை அறுத்து, குடிநீர்க் குழாய் முழுவதையும் குளோரின் விட்டு அலசும் வரை யாரையும் குடிக்க விடாதீர்கள். அடுத்து இதையே தலைகீழாக, குடிநீரை அழுத்தத்தில் வைத்து மறுபயன்பாட்டுக் குழாய்களைத் திறந்து பாருங்கள்.